தானே சீறும் மோட்டார்

அமீர்பேட் மெட்ரோப் பாலத்தின் கீழ்ச் சிக்னலில் நிற்கையில், எமது பழைய காரின் இயந்திரம் திடீரெனச் சீறிற்று, பிள்ளைகள் நடுங்கினர். பட்டறைக்குச் சென்றாலோ சாதுவாகிவிடும்! பிளக்குகளை மாற்றியும் பயனில்லை.

ரயில்வே குமாஸ்தாவின் வழக்கப்படி, சீறிய வேளைகளை நோட்டில் குறித்தோம். ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதித்துக் காலை எடுத்த பின்னரே சீற்றம் எழுவது புலனாயிற்று.

மறுமுறை, நியூட்ரலில் கைப்பிரேக்கிட்டு, கார்புரேட்டரின் நெம்புகோலை விரலால் மூடினோம், சீற்றம் அடங்கிற்று. குற்றம் கேபிளில்! உறைக்குள் அறுந்த இழையொன்று சிக்கியிருந்தது. புதிய கேபிளால் தொல்லை தீர்ந்தது. நெம்புகோல் மூடியிருந்தும் சீறுமாயின், காற்றுக் குழாயில் வெடிப்பு உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

ஓடுகையில் சீறினால் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து, ஓரத்தில் நிறுத்திய பின்னரே சாவியைத் திருப்புக.