குட்டி யானை வாங்கப் போறீங்களா? பெயிண்ட்டை பாக்காதீங்க, ஆர்.சி. புக்கை பாருங்க!

திருச்சி:

காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, உத்திர வீதியில் இறக்க பெரிய லாரி தோதுப்படாது. அங்கே கைகொடுப்பது 'குட்டி யானை'. 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் இது. சுமார் முக்கால் டன் ஏற்றலாம். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், 1¼ டன் வண்டி. தினமும் கிடைக்கிற லோடு எவ்வளவோ, அதற்கேத்த வண்டி போதும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஏமாறுவது பேப்பரில்தான். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருக்கிறதா? தவணை பாக்கி இருந்தால், பணம் கொடுத்து வாங்கிய பிறகும் வண்டியைத் தூக்கிட்டு போயிடுவாங்க. பைனான்ஸ் கம்பெனி தரும் என்.ஓ.சி., படிவம் 35 இரண்டும் கைக்கு வந்த பிறகே முழுப்பணம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது எப்.சி. 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும். அதைத் தாண்டினால் வருடா வருடம். அப்போதெல்லாம் டிங்கரிங், பெயிண்டிங் செலவு. வண்டி நிற்கும் நாளில் வருமானமும் கட். ரேட் குறைவு என்று கிழட்டு வண்டியை வாங்கினால் கணக்கு இடிக்கும்.

காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

லைசென்ஸ்? மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்துவிட்டது.