வானில் பருந்து, கடலில் திருக்கை

குழந்தைகளே! ஆனையூரில் அண்ணாந்து பார்த்தால் கரும்பருந்து வட்டமிடும். மன்னார் வளைகுடாக் கடலுக்குள்ளும் ஒன்று இப்படிச் சிறகடிக்கிறது. அது புள்ளித் திருக்கை. ஆங்கிலத்தில் அதற்குக் கழுகின் பெயரையே வைத்திருக்கிறார்கள்!

ஆனால், பருந்தின் இறக்கை என்பது இறகு மூடிய கை. உள்ளே எலும்பு உண்டு. திருக்கையின் 'இறக்கை' அகன்ற துடுப்பு. அதன் உடலில் இருப்பது, நம் காது மடலில் உள்ளது போன்ற குருத்தெலும்புதான். பருந்து மரத்தில் கூடு கட்டி 2 அல்லது 3 முட்டையிடும். திருக்கையோ குட்டி போடும். ஒரு தடவைக்கு 4 குட்டிக்கு மேல் இருக்காது.

இரண்டுக்கும் எதிரி ஒன்றே, நூல்! திருக்கைக்கு மீன்வலை, பருந்துக்கு மாஞ்சா. குஞ்சும் குட்டியும் குறைவு என்பதால், போன உயிருக்கு ஈடு சீக்கிரம் வராது. பட்டம் விட சாதாரண நூலே போதும். செய்வீர்கள்தானே?