உஷார்! மறுபடி ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்!

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று ஆஃப் ஆகிறதா? ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? உஷார்! அது சரியாகிவிடவில்லை. சூடு ஆறியதால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி சூடேறினால் மறுபடி நிற்கும். அப்போது நீங்கள் ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கலாம்.

கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. பெயர் வேண்டாம். வளைகுடாவில் வேலை, விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். அவர் இல்லாத மாதங்களில் கார் வீட்டு வாசலில் கடற்காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே மீமிசல் பக்கம் ஒருமுறை நின்றது. காத்திருந்தார், ஸ்டார்ட் ஆனது. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் பாய்" என்றார் ஒரு மெக்கானிக். டேங்க்கைக் காலி செய்தார்கள். மறுபடி நின்றது. பிளக் மாற்றினார்கள், ஃபில்டர் மாற்றினார்கள், பேட்டரியும் புதுசு போட்டார்கள். கடைசியில் ஒருவர் "கிராங்க் சென்சார் போயிருக்கும்" என்று, விலை மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கிப் பொருத்தினார். பட்டறை வாசலில் வண்டி சமர்த்தாக ஓடியது. "இப்ப நல்லாத்தானே இருக்கு!"

அதை நம்பித்தான் உம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மணமேல்குடி தாண்டி, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீன் லாரியை முந்த வலப்பக்கம் ஏறிய நேரம், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார், சத்தமே இல்லை. ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. எதிரே பஸ். லாரிக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு பிரேக் அடித்து இடம் விட்டதால், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்து இடப்பக்க மணலில் இறக்கிவிட்டார். எல்லோரும் பிழைத்தார்கள். உம்மாவுக்குத் தோளில் அடி.

பழுது எங்கே இருந்தது தெரியுமா? சென்சாரில் இல்லை! அதற்குப் போகும் கப்ளரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. ஒரு பின், ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டதுமே உதிர்ந்து விழுந்தது. புது சென்சாரை அதே அழுகிய கப்ளரில் மாட்டியிருக்கிறார்கள். கழற்றி மாட்டியதில் சில நாள் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது.

கடற்கரை ஊர்க்காரர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். பாக் நீரிணை வாசலில் இருக்கிறது. காற்றில் உப்பு. மீன் வண்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்பு, சாலையிலிருந்து அது உங்கள் காரின் அடிவயிற்றில்தான் தெறிக்கிறது. பாடி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். கப்ளருக்குள்ளும், எர்த் வயர் பாடியில் சேருமிடத்திலும் பிடிக்கும் களிம்பை யார் பார்க்கிறார்கள்? மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் எலி கடித்த வயரையும் சேர்த்துத் தேடவேண்டும்.

கிராங்க் சென்சார் என்ற இந்தச் சின்னச் சாமானுக்கு ஏன் இவ்வளவு பயம்? கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பல் சக்கரத்துக்கு மிக அருகில் அது உட்கார்ந்திருக்கிறது. பல வண்டிகளில் அந்தச் சக்கரம் 60 பல் கணக்கு, அதில் 2 பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போதுதான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் புரியும். அந்தத் தகவல் அறுந்தால் எப்போது பெட்ரோல் தெளிப்பது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலும் இரண்டையும் நிறுத்திவிடும். முன்னறிவிப்பு கிடையாது. இரண்டு வயர் சென்சாருக்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. எங்கேயாவது விட்டிருந்தால் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். அதனால்தான் பட்டறைக்குப் போவதற்குள் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

கவனிக்கவேண்டியது இது: இன்ஜின் சூடான பிறகே நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் பூஜ்யத்திலேயே கிடக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேலும் அதன் வயரிங் மேலும் விழட்டும். (சில கார்களில் முள் வேறு விதமாக நடந்துகொள்ளும். அது ஒன்றையே சத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

எல்லாமே கிராங்க் சென்சாரின் வேலையல்ல. சிக்னலில் நிற்கும்போது, ஏசி போட்டால் மட்டும் அணைகிறதா? த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். சூடான இன்ஜின் கரும்புகை கக்கி, பெட்ரோல் நாற்றமடித்து, நிற்கும்போது அணைகிறதா? கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் 'இன்னும் குளிர்தான்' என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கானாலும் வண்டி தள்ளாடும். அதற்கென்றே இருக்கும் ஸ்பிரேயில்தான் சுத்தம் செய்யவேண்டும். துணியால் துடைக்க விடாதீர்கள், உள்ளே இருப்பது தலைமுடி போன்ற கம்பி.

செக் இன்ஜின் லைட் எரியவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள்! விட்டுவிட்டு வரும் பழுதுக்குச் சில சமயம் லைட்டே வராது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இன்னும் ஜாக்கிரதை. சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயை அடைத்து வைத்திருக்கலாம்.

ஸ்கேன் போடச் சொல்லுங்கள். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 என்ற பழுதறியும் வசதி கட்டாயம், டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ஆனால் இங்கேயும் ஒரு குழி! 'பி0335' என்று கோட் வந்தால் பலர் உடனே சென்சார் வாங்க ஓடுகிறார்கள். அந்தக் கோட் சொல்வது கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், வயர், எர்த் எல்லாமும்தான். இன்ஜினை ஓடவிட்டு அந்த வயரை மெல்ல அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நின்றால் திருடன் அகப்பட்டான். இரண்டு வயர் சென்சார் என்றால் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்க்கட்டும். மூன்று வயர் ஹால் வகையில் அந்த வேலை வேண்டாம், நல்லதும் கெட்டுப்போகும். கோட் நம்பரைக் குறித்துக்கொள்ளுமுன் பேட்டரி வயரைக் கழற்றவும் விடாதீர்கள். தடயம் அழிந்துபோகும்.

இது ஏதோ ஊர்ப்புறத்துப் பழைய கார்களின் தலைவிதி என்று நினைக்காதீர்கள். 2003 அக்டோபரில் நிசான் நிறுவனம் உலகம் முழுக்க சுமார் 25.5 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் இதே கிராங்க் சென்சார், இன்ஜின் நின்றுவிடக்கூடும் என்ற பயம். நம் நாட்டில் 2020 ஜூலையில் மாருதி சுசுகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை ஃபியூவல் பம்ப்புக்காக அழைத்தது. பம்ப் போனாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும்! ஆகவே காசு செலவழிக்குமுன், உங்கள் சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இலவசம்.

சரி, ஓடும்போதே நின்றுவிட்டால்? சாவியை முழுதாகத் திருப்பி எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்! ஹஸார்டு லைட்டைப் போடுங்கள். ஸ்டியரிங் இறுகியிருக்கும், ஆனால் திரும்பும், பலமாகப் பிடித்து இடப்பக்கம் ஒதுக்குங்கள். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரண்டு மிதிக்குத்தான் தாங்கும், அப்புறம் கட்டையாகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் பிள்ளைகளை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். ராத்திரி ஈசிஆரில் காருக்குப் பின்னால் நின்று டிக்கியைத் திறந்து குடைந்துகொண்டிருக்காதீர்கள், தாயே! பின்னால் வருகிறவன் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

சென்சாரையே மாற்றவேண்டி வந்தால், பார்ட் நம்பர் பார்த்து ஒரிஜினல் வாங்குங்கள். டூப்ளிகேட்டும் முதல் வாரம் நன்றாகத்தான் ஓடும். கப்ளரில் களிம்பு இருந்தால் கப்ளரையும் மாற்றச் சொல்லுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது கடற்கரையில் நிற்காது. கழற்றிய சாமானைக் கேட்டு வாங்கி நுனியைப் பாருங்கள். இரும்புத்தூள் அப்பியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது, அதை வேறு பார்க்கவேண்டும். பட்டறை வாசலில் ஒரு ஸ்டார்ட் போட்டுக் காட்டியதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். வந்ததும் இன்ஜினை அணைக்காமல், ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே நன்றாகச் சூடேற விடுங்கள். பிறகு மறுபடி ஸ்கேன். கோட் எதுவும் வரவில்லையென்றால் பணம் கொடுங்கள்.