மாட்டிக்கொண்டால் மட்டும் போதுமா?
சிறிய எஞ்சினுக்கு ஆயில் பில்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

நீலசந்திரா பஜார் தெருவில் அரை மணி நேரம் நின்றால் சிறிய எஞ்சின்களின் கண்காட்சியையே பார்த்துவிடலாம். பயணியை இறக்கும் ஆட்டோ, காய்கறி மூட்டை ஏற்றிய 'குட்டி யானை', மூன்று பேரைச் சுமந்து போகும் மோட்டார் சைக்கிள், மின்சாரம் போனதும் கடை வாசலில் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர். இவற்றில் பெரும்பாலானவை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. தவணை கட்டி முடியாத வண்டிகளும் உண்டு. எஞ்சின் 'சீஸ்' ஆகி வண்டி ஒரு வாரம் ஷெட்டில் நின்றால் வருமானமும் நின்றுவிடும். வட்டி மட்டும் நிற்காது.

இந்த எஞ்சின்களைக் காக்கும் சாமான்களில் மிக மலிவானது ஆயில் பில்டர். அதனால்தானோ என்னவோ, அதை வாங்கும்போதுதான் நாம் மிகக் குறைவாக யோசிக்கிறோம். டயர் வாங்க நான்கு கடை ஏறி இறங்குபவர், பில்டருக்கு மட்டும் பையனைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார். கடைக்காரர் எதையோ எடுத்து நீட்டி, "இதுவும் அதேதான், மாட்டிக்கும்" என்கிறார். பஸ்ஸில் இடம் பிடிக்க 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று சொல்லலாம். எஞ்சினிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

முதலில் ஒரு கேள்வி: உங்கள் எஞ்சினில் மாற்றக்கூடிய பில்டர் இருக்கிறதா? பலர் இதையே கேட்டுக்கொள்வதில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களில் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோனது; அங்கே எஞ்சின் ஆயிலுக்குப் பில்டரே கிடையாது. ஸ்பிளெண்டர் வகை 100 சி.சி. வண்டிகளில் காகிதப் பில்டருக்குப் பதிலாக, சுழற்சி வேகத்தில் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் கம்பி வலையும் உள்ளன. அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் முறை. ஹோண்டா ஜி.எக்ஸ். 160 போன்ற சிறிய பெட்ரோல் எஞ்சின்களிலும் பில்டர் இல்லை. அங்கே ஆயிலை நேரத்தோடு மாற்றுவதுதான் ஒரே பாதுகாப்பு: புதிதில் 20 மணி நேரம் ஓடியதும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இல்லாத பில்டருக்குக் காசு கொடுத்தவர்கள் இருந்தால் வியப்பதற்கில்லை.

பில்டர் உள்ள எஞ்சின்களில் இரண்டு வகை. ஒன்று, எஞ்சினின் மூடிக்குள் வைக்கும் காகிதப் பில்டர். இன்னொன்று, தகர டப்பா போல வெளியே திருகி மாட்டுவது. ஒரே கம்பெனி வண்டிகளில்கூட இரண்டும் உண்டு. ராயல் என்ஃபீல்டின் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் கம்பளித் துணி போன்ற பில்டர் இருந்தது. பின்னால் வந்த 350-களில் காகிதம். 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650-இல் திருகும் டப்பா. 'கிளாசிக் 350' என்ற பெயர் 2009 முதல் இருக்கிறது, ஆனால் 2021-இல் அதன் எஞ்சினே மாறிவிட்டது. எனவே கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. தயாரித்த ஆண்டையும் எஞ்சின் எண்ணையும் சொல்லுங்கள். கழற்றிய பழைய பில்டரைக் கையோடு கொண்டு போவது அதைவிட நல்லது, அதன் மேலுள்ள பார்ட் நம்பர் அழியாமல் இருந்தால்.

எஞ்சின் ஆயிலை வடிகட்டும் யோசனை நூறாண்டுப் பழமை உடையது. 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால் என்ற இருவர் மோட்டார் காருக்கான ஆயில் பில்டரை உருவாக்கி 'பியூரோலேட்டர்' என்று பெயரிட்டார்கள். திருகி மாட்டும் டப்பா 1954-இல் வந்தது. நம் வட்டாரத்துக்கு இந்தத் தொழில் அந்நியமல்ல. ஓசூர் ரோடு அருகே, ஆடுகோடியில் இருந்த மைகோ ஆலையை மறக்க முடியுமா? 1951-இல் தோன்றி டீசல் பம்புகளும் ஸ்பார்க் பிளக்குகளும் செய்த அந்த நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு இன்னும் அது மைகோதான்.

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருவோம். டப்பா பில்டர்களில் வெளியே தெரியாத வேறுபாடு மரையில் இருக்கிறது. சிலவற்றின் மரை 20 மில்லி மீட்டர். சிலவற்றின் மரை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லி மீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முக்கால் அங்குலத் தண்டில் 20 மில்லி மீட்டர் டப்பாவை மாட்டினால் அது ஏறிக்கொள்ளும், இறுகியதுபோலவும் தோன்றும். ஆனால் மரையின் நுனி மட்டுமே கவ்வியிருக்கும். எஞ்சின் சூடாகி, ஆயில் அழுத்தம் ஏறும்போது டப்பா வழுக்கிக் கழன்றால் ஆயில் முழுவதும் ரோட்டில்தான். ஓட்டுகிறவர் சிவப்பு விளக்கைக் கவனித்து வண்டியை நிறுத்துவதற்குள் பேரிங்குகள் போய்விடும். ஆகவே திருகும்போது லொட லொட என்று ஆடினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மரை சரியாக இருந்தும் பில்டர் தவறாக இருக்கலாம். உள்ளே இரண்டு வால்வுகள் இருப்பதுண்டு. ஒன்று, காகிதம் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ திறந்து, ஆயிலை வடிகட்டாமலே அனுப்பும் வால்வு. பேரிங்குக்கு அழுக்கு ஆயில் கிடைப்பது, ஆயிலே கிடைக்காததைவிட மேல் அல்லவா? சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சினிலேயே இருக்கும். சிலவற்றில் பில்டரில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, எஞ்சின் நின்ற பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. பில்டர் படுத்த நிலையில் மாட்டப்படும் எஞ்சினில் இது இல்லாவிட்டால் இரவு முழுவதும் ஆயில் கீழே இறங்கிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டேஷன் சவாரிக்கு ஆட்டோவை எடுப்பவர், முதல் சில வினாடிகள் 'கடகட' சத்தம் கேட்டால் இதையும் சந்தேகிக்கலாம்.

காகிதப் பில்டரிலும் ஒரு கவனம் தேவை. சிலவற்றில் ஒரு முனை மட்டுமே திறந்திருக்கும். தலைகீழாக வைத்தால் ஆயில் வழி அடைபட்டுவிடும். மூடியின் ரப்பர் வளையங்கள் பழையதாகிக் கல்போல் இறுகியிருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

டூப்ளிகேட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜே.சி. ரோட்டில் நேர்மையான கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அசல் பெட்டியைப் போலவே அச்சிட்ட சரக்கும் ஊரில் உலவுகிறது. பெட்டியில் உள்ள பார்ட் நம்பரும் பில்டரில் உள்ளதும் ஒன்றா, விலை, தயாரிப்பு மாதம், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மட்டமான காகிதப் பில்டரில் மடிப்புகள் குறைவாகவும் ஏறுக்குமாறாகவும் இருக்கும். ஓரத்துப் பசை விட்டிருக்கும். அந்தப் பசையோ காகித நாரோ பிய்ந்து ஆயில் வழியை அடைத்தால், பில்டரே எஞ்சினுக்கு எமனாகிவிடும். பில் கேட்டு வாங்குங்கள்.

பெங்களூருவுக்கென்று தனியாக ஒரு விஷயம் உண்டு. சிக்னலிலும் நெரிசலிலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, மீட்டரில் கிலோமீட்டர் ஏறுவதில்லை. புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருந்தால் ஆயில் அதற்கு முன்பே களைத்துவிடும். நாள் முழுதும் நகருக்குள் ஓடும் ஆட்டோவுக்கும் குட்டி யானைக்கும் சற்று முன்கூட்டியே மாற்றுவது உசிதம்.

மாட்டும்போது, பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதியது உட்கார்ந்தால் ஆயில் கசிவு நிச்சயம். புதிய வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்டதும் டப்பாவில் குறித்துள்ள அளவு, பொதுவாக முக்கால் சுற்று, இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்து ஆயில் விளக்கு அணைகிறதா, அடியில் சொட்டுகிறதா என்று பார்த்து, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவைச் சரிபாருங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நம் பகுதியின் கழிவு நீர் போய்ச் சேரும் பெல்லந்தூர் ஏரி 2018 ஜனவரியில் தீப்பற்றி எரிந்ததை ஊரே பார்த்தது. கேனில் மூடி வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.