கை சில்லிட்டால் பாட்டில் மட்டும் போதாது

அந்தியூர்–பவானி ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்த எங்கள் மாமா, தானே எழுந்து வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "எனக்கொண்ணுமில்ல கண்ணு, தண்ணி மட்டும் குடு" என்றார். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். கையைப் பிடித்துப் பார்த்தேன். சித்திரை வெயிலில் கை சில்லென்று, வேர்வையில் நனைந்திருந்தது. அரைமணி நேரத்தில் பேச்சு குழறியது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது பிறகு ஸ்கேனில்தான் தெரிந்தது.

மாமாவுக்கு வந்த இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் ஷாக் என்கிறார்கள். கரண்ட் ஷாக்கும் அல்ல, கெட்ட சேதி கேட்ட அதிர்ச்சியும் அல்ல. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டிய ரத்தம் போதாமல் போகும் நிலை இது. உடம்பு முதலில் சமாளிக்கும். நாடி வேகமெடுக்கும், கை காலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உள்ளுறுப்புகளுக்குத் திருப்பிவிடும். கை குளிர்வது அதனால்தான். அப்போது பி.பி. பார்த்தால் நார்மலாகக்கூட இருக்கும். பி.பி. இறங்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் கைவிட்டுப் போய்விடும்.

விரல் நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஆள் காரணமில்லாமல் பதறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்க வையுங்கள். ரத்தம் வெளியே வந்தால் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். அடிபட்டவருக்குத் தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள்; அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பா இருக்கும்" என்று நாம் கேட்டுப் பழகிவிட்டோம். 5 சதவீதக் குளுக்கோஸ் நீர் ரத்தக் குழாயில் தங்காது, ஷாக்குக்கு உதவாது. உதவுவது 0.9 சதவீத சலைன், ரிங்கர் லாக்டேட் போன்றவை. அவற்றின் அளவும் நோய்க்கு நோய் மாறும். வயிற்றுப்போக்கில் ஷாக் வந்துவிட்டால் வேகமாக ஏற்ற வேண்டும். ஷாக் வராமல், குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். போதும், 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவுக்கு நடுவே டாக்டர் திலிப் மஹாலனாபிஸ் அதை நிரூபித்துக் காட்டினார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தானது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். குறைவாக ஏற்றினால் ஷாக், அதிகமானால் நுரையீரலில் நீர். ரத்தக் கசிவிலோ, சலைன் ரத்தத்தை நீர்க்கவைக்கும். கசிவை நிறுத்தி ரத்தம் ஏற்றுவதே தீர்வு. 2011-ல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வில், கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் இருந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களே அதிகம் இறந்தார்கள். ஆகவே எத்தனை பாட்டில் என்று கேட்காதீர்கள். "எதனால ஷாக்குங்க, ரத்தம் தேவையா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்ப அனுப்புவீங்க?" என்று கேளுங்கள்.

நாங்கள் முதலில் நுழைந்த கிளினிக்கில் பாட்டிலை மாட்டிவிட்டு அட்வான்ஸ் கேட்டார்கள். அப்படிப் பணத்துக்காக அவசர சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. உயிர் காப்பதே அரசு, தனியார் எல்லா மருத்துவரின் முதல் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லை. வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரைச் சாட்சி சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

சிகிச்சையில் குறை இருந்தால் 104 உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுதிக் கொடுக்கலாம். பணம் கட்டிச் சிகிச்சை பெற்ற இடமென்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம். எதற்கும் கேஸ் ஷீட் நகல் வேண்டும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.

மாமா பிழைத்துவிட்டார். அவர் கேஸ் ஷீட் என்னிடம் இருக்கிறது. முதல் பாட்டில் ஏறிய நேரமும் ரத்தம் ஏறிய நேரமும் அதில் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. இடையே போனது ஒன்றே முக்கால் மணி நேரம்.