அம்மன் வந்த வழி

மண்ணரையில் எங்கள் அச்சகத்தில் ஆவணி பிறந்தால் கல்யாணப் பத்திரிகை வேலைதான். போன முகூர்த்தத்தில் மணப்பெண்ணின் பெரியப்பா பென்டிரைவை நீட்டினார். "எல்லாம் இதுலயே அடிச்சிருக்குதுங்க அம்மிணி. அப்படியே போட்டுக் குடுத்துருங்க."

திறந்தேன். தலைப்பில் 'அம்மன்' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, டி, அரைப்புள்ளி என்று ஆங்கிலம் நின்றது.

"ஊட்டுல நல்லாத்தானுங்க இருந்துச்சு!" என்று பதறினார்.

நன்றாகத்தான் இருந்திருக்கும். ஃபைலுக்குள் எழுத்தின் உருவம் கிடையாது, எண் மட்டுமே உண்டு. உருவத்தைத் தருவது கணினியில் இருக்கும் ஃபாண்ட். பழைய தமிழ் ஃபாண்டுகள் பலவும் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் எழுத்தை வைத்தன. அவருடைய ஃபாண்ட் என்னிடம் இல்லை. ஆனால் வரிக்கு வரி அரைப்புள்ளி தெரிந்ததால் பாமினி ஃபாண்ட் வகை என்று பிடிபட்டது. பாமினியைப் போட்டதும் அம்மன் வந்துவிட்டாள்.

இப்படி ஆளுக்கொரு முறை இருந்ததை ஒழுங்குபடுத்த 1999இல் சென்னை தமிழிணைய மாநாடு முயன்றது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடு என்ற பொது எண்முறையை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்பதில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும்தான் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பழைய பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. இன்டிசைனிலும் 'வேர்ல்டு-ரெடி கம்போஸர்' போடாவிட்டால் கொம்பு பின்னாலேயே நிற்கும்.

பனியன் தைக்கும் எங்கள் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாஷ்கேர் லேபிளில் வரும் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி ஆகியவையும் பல ஃபைல்களில் ஃபாண்டாகவே வருகின்றன. வேலைக்கு வந்த புதிதில், 'ப்ளீச் போடாதே' என்று சொல்லும் குறுக்குக்கோடு போட்ட முக்கோணம் வெறும் ஆங்கில எழுத்தாக மாறியிருந்ததைக் கவனிக்காமல் ஒரு ரோல் சாட்டின் டேப் முழுக்க அடித்துவிட்டேன். தையலுக்குப் போகும் முன் பார்த்ததால் டேப் மட்டும் வீணானது. தைத்த பிறகு தெரிந்திருந்தால் ஒவ்வொரு பீஸையும் பிரித்திருக்க வேண்டும்.

அதனால் வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். கோரல்டிராவில் செய்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். எழுத்து கோடாக மாறிவிடும், எந்தக் கணினியிலும் குலையாது. பிறகு திருத்த முடியாது என்பதால் மூல ஃபைலைத் தனியாக வையுங்கள். பிடிஎஃப் என்றால் அடோபி ரீடரில் கண்ட்ரோல்-டி அழுத்தி, ஃபாண்ட் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் 'எம்பெடட்' இருக்கிறதா பாருங்கள். கூடவே, சரியாகத் தெரியும் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எது சரி என்று எனக்கு அது ஒன்றுதான் சாட்சி.

அன்று பெரியப்பாவை உட்காரவைத்து, புரூஃபை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நிறுத்தினார். "எங்க சம்பந்தி பேருக்கு பெரிய 'ற'ங்க." அது அடித்தவர் கைப்பிழை. ஃபாண்ட் எல்லாம் சரியாக இருந்தும் கணினி அதைச் சொல்லவில்லை. திருத்திவிட்டுத்தான் பிளேட் போட்டேன்.