வாடியிலும் வழியிலும் பத்தியம்

சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொல்லும்போது மாத்திரையோடு சேர்த்து, எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் இருக்கும் நாட்களில் அதன்படி நடப்பது பெரிய காரியமல்ல. மனைவியோ மகளோ பார்த்துச் சமைப்பார்கள். ஆனால் எம்மில் எத்தனை பேர் வருடம் முழுவதும் வீட்டுச் சோறு உண்கிறோம்?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்து விவசாயிக்கு வாடி புதிதல்ல. சொந்தக் காணி இருந்தபோது வயல் வாடியில் அவரே உலை வைத்தார். உப்பும் புளியும் அவர் கையில் இருந்தன. 1990ஆம் ஆண்டின் கலவரங்களிலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளிலும் இடம்பெயர்ந்த பல குடும்பங்களில் இன்று நிலைமை வேறு. பிறர் வயலுக்குக் கூலிக்குப் போகிறார்கள். அல்லது கொழும்புக் கடைக்கோ, கட்டட வேலைக்கோ, வளைகுடா நாட்டுக்கோ போகிறார்கள். அங்கே பிறர் சமைத்ததைப் பிறர் சொன்ன நேரத்தில் உண்ண வேண்டியிருக்கிறது. பத்தியம் குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதை ‘வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்’ என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமல்ல.

ஓர் அறுவடைக் காலத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு காக்கா, வயது ஐம்பத்தைந்து இருக்கும், பத்தியத்தில் மிகக் கவனமானவர். காலையில் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, சீனியில்லாத தேத்தண்ணீர் மட்டும் குடித்து நெல் மூடை ஏற்ற இறங்கினார். பத்து மணிக்கு வரவேண்டிய சோறு பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. அவர் வரம்பில் குந்திவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சும் குழறியது. வெயில் அடித்துவிட்டது என்று தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். வாப்பாவுக்கும் இதே வருத்தமுள்ள ஒரு பொடியன்தான் விளங்கிக்கொண்டு, மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தான். கால் மணி நேரத்தில் எழுந்து இருந்தார். “சீனிய உட்டு மூணு வருசம் தம்பி. இண்டைக்கு அந்தச் சீனிதான் என்னைக் காப்பாத்தின” என்றார்.

நடந்தது என்ன? நாம் உண்ணும் சோறு இரத்தத்தில் குளுக்கோசாக மாறுகிறது. மாத்திரை அதைக் குறைக்கிறது. கடும் உடலுழைப்பும் அதைக் குறைக்கிறது, ஏனெனில் தசைகள் குளுக்கோசை எரித்துத்தான் வேலை செய்கின்றன. மாத்திரை உள்ளே போய், வேலையும் நடந்து, சோறு மட்டும் வராவிட்டால் அளவு கீழே இறங்கிவிடும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஆபத்து ஆரம்பம். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், ரொல்பியூற்றமைட் ஆகிய மாத்திரைகளும் இன்சுலினும் இப்படி இறக்கக்கூடியவை. மெற்போமின் தனியாக எடுத்தால் அநேகமாக இறக்காது. உங்கள் மாத்திரை எந்த வகை என்பதைக் கிளினிக்கில் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கடும் உழைப்பின் விளைவு இரவிலும் தொடரும். பகல் முழுவதும் மூடை தூக்கியவர் இரவுச் சோற்றைத் தவிர்த்துப் படுப்பது நல்லதல்ல.

ஆகவே வீட்டைவிட்டுப் புறப்படுபவருக்கு முதல் விதி, சாப்பாடு கண்ணுக்கு முன் வந்த பிறகே மாத்திரை. அடுத்து, மடியில் எப்போதும் நாலைந்து கரண்டி சீனிப் பொட்டலம். நடுக்கம் வந்தால் மூன்று கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து, குறையாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். சுகமானதும் சோறோ பிஸ்கற்றோ உண்ண வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இவற்றைக் கூட வேலை செய்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நோயை மறைத்தால் வேலை கிடைக்கும் என்று மறைப்பவர்கள் உண்டு. அவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி, சீனி கூடும் பக்கத்தைப் பார்ப்போம். வாடிச் சாப்பாடு என்றால் ஒரு மலை சோறு, ஓர் அகப்பை ஆணம், ஒரு துண்டு கருவாடு. சிவப்பரிசி என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்று பலர் நம்புகிறார்கள். தவிடு போகாத அரிசியும் புழுங்கலும் வெள்ளைப் பச்சையரிசியைவிட நல்லவைதான், ஆனால் நிறம் அளவுக்கு மன்னிப்பாகாது. கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி மீனோ பருப்போ, மீதிக் காலே சோறு என்பது பொதுவான கணக்கு. கூலிக்காரருக்கு அவ்வளவு சோறு போதாமல் போகலாம். ஒரே தடவையில் குவிக்காமல், இடையில் அவித்த கடலையோ பயறோ கௌபியோ சேர்த்துப் பிரித்து உண்பது நல்லது. இவை வீட்டில் இருந்தே உலர்வாகக் கொண்டு போகக்கூடியவை, இரவு ஊறப்போட்டால் போதும். வாடியைச் சுற்றி வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் முளைத்துக் கிடக்கும். மருந்து தெளித்த வரம்பில் மட்டும் பிடுங்காதீர்கள்.

தேத்தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி சீனி! சமைப்பவரிடம் முதல் நாளே சொல்லி, சீனி போடுமுன் உங்கள் பங்கை வார்த்து வாங்குங்கள். சோடாப் போத்தல்களில் 2016ஆம் ஆண்டு முதல் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். எழுத்து வாசிக்காதவரும் பார்த்து வாங்கலாம்.

பிறசர் உள்ளவருக்குக் கருவாடுதான் சோதனை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும். சிறுநீரகம் பழுதானவருக்கு வேறு கணக்கு. களைப்புக்கு நல்லது என்று கொடுக்கும் இளநீரில் பொற்றாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றமாட்டாது, இதயத்தைத் தாக்கும். மேல்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபெனக் போன்ற மாத்திரைகளும் அவர்களுக்கு ஆகாது.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் வீட்டிலேயே உண்டுவிட்டு ஏறுவது உத்தமம். நள்ளிரவில் பஸ் நிறுத்தும் இடத்தில் கிடைப்பது கொத்துரொட்டியும் பணிசும்தான்.

இன்சுலின் ஏற்றுபவர்களுக்குச் சூடுதான் எதிரி. பாவிக்கும் போத்தல் சாதாரண அறைச் சூட்டில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் லொறியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு நாளும் வைக்கக்கூடாது. ஐஸ் கட்டியிலும் நேரே முட்டக்கூடாது, உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. வாடியில் ஒரு மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை இட்டு நனைத்து, நிழலில் வைத்தால் உட்பானை குளிர்ந்திருக்கும். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும். மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியரின் கடிதமும் கூட இருக்கட்டும்.

நோன்பு மாதத்தில் வேலைக்குப் போகிறவர்களின் கேள்வி தனியானது. நோயாளிக்கும் பிரயாணிக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. விட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம், நாட்பட்ட நோயாளிக்கு பித்யா என்ற வழியும் இருக்கிறது. நோற்க விரும்புபவர்கள் மாதம் பிறக்க முன்பே கிளினிக்குக்குப் போய் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேளுங்கள். காலை மாத்திரையைத் தாமாக சஹருக்குத் தள்ளி, வெயிலில் வேலைக்குப் போவதுதான் மிக ஆபத்தானது. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70க்குக் குறைந்தால் நோன்பைத் திறக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

மேலே சொன்ன காக்கா அடுத்த போகத்துக்குப் போனபோது, குழுவைக் கூட்டிப்போனவரிடம் ஒன்றைப் பேசி ஒப்புக்கொண்ட பிறகே லொறியில் ஏறினார். சோறு பிந்தினாலும் காலை எட்டு மணிக்கு அவருக்கு ஒரு கோப்பைக் கஞ்சி. கஞ்சிக்கான அரிசியை அவரே வீட்டில் இருந்து முடிந்து கொண்டு போனார்.